மாறாத அளவு

காப்பார் தென்னந்தோட்டத்துப் கணக்கையும் ஆட்களையும் கவனித்த பெரிய கிராணி வேங்கடாசலம், காய்ச்சலில் கிடந்த எங்கள் அப்பாவைக் கூலிகள் குடியிருந்த லயத்தைவிட்டு விரட்டினார். அப்பா கிள்ளான் சாலையோரத்தில் செத்தார். அந்த ஆள் பெயரைச் சொன்னாலே எனக்கு வாய் கசக்கும். என் அண்ணன் சூசைநாதன் அழவில்லை. படித்துக் கணக்கு வாத்தியார் ஆனான்.

1932இல் அதே கிராணி அண்ணனிடம் யோசனை கேட்டு வந்தார். அண்ணன் யார் மகன் என்று அவருக்கு அடையாளம் தெரியவில்லை. தோட்டத்தில் எலிகள் தென்னங்குரும்பைகளைப் பிஞ்சிலேயே கடித்துத் தள்ளின. பாம்புகளும் பெருகியிருந்தன, நாகத்தை அடிக்கமாட்டோம் என்று தோட்டத்து ஆட்கள் மறுத்துவிட்டார்கள்.

"தோட்டம் முழுக்க விஷம் வைக்கப் போறேன் வாத்தியாரே. எலியும் சாகும், அதைத் தின்ன பாம்பும் சாகும். கணக்குச் சரிதானே?"

தின்னும் உயிரும் தின்னப்படும் உயிரும் எப்படிக் கூடிக் குறையும் என்பதற்கான சமன்பாடுகளை அண்ணன் ஏற்கெனவே போட்டுப் பார்த்திருந்தான். எலி பெருகினால் பாம்பு பெருகும். பாம்பு பெருகினால் எலி குறையும். இரண்டும் மாறி மாறி ஏறி இறங்கினாலும், இரண்டையும் இணைக்கும் ஓர் அளவு மட்டும் மாறாது. அதனால்தான் ஆட்டம் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும். இரண்டையும் சேர்த்துக் கொன்றாலோ, விஷமும் இரைப் பஞ்சமும் சேர்ந்து சராசரியில் பாம்பு குறையும், தின்ன ஆளில்லாமல் எலி கூடும்.

"தாராளமா வைங்க," என்றான்.

அடுத்த வருஷம் எலிகள் தோட்டத்தையே தின்றன. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை கிராணியை விரட்டினார். அதைப் பார்க்கவே அண்ணன் என்னையும் கூட்டிக்கொண்டு போனான். பெட்டியோடு சாலையோரத்தில் நின்றவர் கத்தினார்: "கணக்குப் படிச்சவன்தானே, சரின்னு ஏன்யா சொன்னே?"

"எல்லாம் ஏறும், இறங்கும். மாறாதது ஒண்ணு இருக்கு கிராணியாரே," என்றான் அண்ணன். "எங்கப்பா செத்த இடத்துலதான் நிக்கிறீங்க."