ஃபேமிலி மட்டும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் முட்டாள் நான்தான். பாதிவரை படித்துவிட்டு யாரென்று தேடும் சிரமம் உங்களுக்கு வேண்டாம். எலெக்ட்ரானிக் சிட்டியில் எனக்கொரு வேலை. அமெரிக்காவில் வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள் எழுதும் விளம்பரங்களில் சட்டத்துக்குப் புறம்பான சொல் ஏதும் இருக்கிறதா என்று மோப்பம் பிடிக்கும் மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது. அந்த நாட்டில் வாடகைக்கு விடுகிறவர் இனம், நிறம், மதம், பிறந்த தேசம், ஆணா பெண்ணா, குழந்தை உண்டா, உடல் குறை உண்டா என்றெல்லாம் பார்த்து ஆளைத் தட்டிக்கழிக்கக் கூடாது. தட்டிக்கழிப்பது இருக்கட்டும், அந்த வாடை அடிக்கிற மாதிரி விளம்பரத்தில் ஒரு சொல் வந்தாலே வம்பு. வருஷா வருஷம் இதில் எங்களுக்கு ஒரு பரீட்சை வைப்பார்கள். நான் நூற்றுக்கு நூறு. சான்றிதழை மேசைக்கு எதிரே ஒட்டி வைத்திருக்கிறேன். அப்படிப்பட்ட நான் என் சொந்த ஃபிளாட்டை வாடகைக்கு விட ஒரு விளம்பரம் எழுதினேன். எழுதியதோடு நிறுத்தியிருக்கலாம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூக்கம் கலைய, அதை அந்த மென்பொருளுக்குள் போட்டுப் பார்த்தேன். தப்பான சொல்லைச் சிவப்பில் காட்டுவது அதன் பழக்கம். என் விளம்பரம் முழுக்க வெற்றிலை போட்டுத் துப்பிய சுவர் மாதிரி ஆகிவிட்டது. ‘வெஜ்’ சிவப்பு. ‘ஃபேமிலி மட்டும்’ சிவப்பு. ‘பேச்சிலர் வேண்டாம்’ சிவப்பு. ‘கோயிலுக்கு அருகில்’ சிவப்பு. ‘பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போகலாம்’ என்றதுகூடச் சிவப்புதான். நடக்க முடியாதவர் வரவேண்டாம் என்கிறாயா என்று கேட்டது. மிஞ்சியது ‘காவேரித் தண்ணீர் உண்டு’ மட்டும். பெங்களூரில் ஒரு தமிழன் எழுதியதில் வம்பில்லாத ஒரே சொல் காவேரி என்று ஓர் இயந்திரம் சொல்லிக் கேட்டவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இதில் பெரிய வேடிக்கை, நானே வெஜ் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மீன் இல்லாவிட்டால் எனக்கு அது ஞாயிற்றுக்கிழமையே இல்லை. பின்னே ஏன் எழுதினாய் என்று கேட்டால், எல்லாரும் எழுதுகிறார்கள், நானும் எழுதினேன். பக்கத்து ஃபிளாட்காரர் விளம்பரத்தைப் பார்த்துக் காப்பியடித்தேன். மகளின் பள்ளிக்கூடம் அல்சூரில் அமைந்துவிட்டதால் நாங்கள் அங்கே ஒரு மாடிவீட்டில் வாடகைக்குக் குடிபோயிருந்தோம். எலெக்ட்ரானிக் சிட்டியில் கடன் போட்டு வாங்கிய சொந்த ஃபிளாட் பூட்டிக் கிடந்தது. நான் யாரோ வீட்டில், என் வீட்டுக்கு யாரோ வரவேண்டும். இந்த ஊரில் பாதிப்பேர் பிழைப்பு இப்படித்தான். அல்சூரில் கீழ்வீட்டு ஓனரம்மாவுக்கு வாசனை ஆகாது. மீன் வறுக்கும்போது ஜன்னலை எல்லாம் சாத்திக்கொண்டு, திருட்டுத்தனமாகப் பணம் அச்சடிக்கிறவர்கள் மாதிரி அடுப்படியில் குனிந்து நிற்போம். அப்படி நின்ற கையால்தான் ‘வெஜ்’ என்று எழுதினேன்.

ஊரில் இருக்கிறவர்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்கும். எங்கள் விழுப்புரத்தில் வீடு கேட்டு வருகிறவனிடம் யாரும் அதிகம் கேட்பதில்லை. இப்போது எந்தத் தெருவில் இருக்கிறாய் என்றால் போதும், மிச்சத்தைத் தெருவே சொல்லிவிடும். பெங்களூரில் தெரு வாயைத் திறக்காது. நாலாவது மெயின், ஏழாவது கிராஸ் என்றால் அதில் யார் என்னத்தைக் கண்டுபிடிப்பது? அதனால் இங்கே சுற்றி வளைப்பார்கள். ‘வெஜ்ஜா?’ என்பது சாப்பாட்டைப் பற்றிய கேள்வி அல்ல. ‘சொந்த ஊர் எது?’ என்பது பூகோளம் அல்ல. எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து வாசலில் நிற்கும் கேள்வி ‘ஃபேமிலியா?’ என்பதுதான்.

அந்தச் சொல்லிடம் நான் முதன்முதலில் மாட்டியது ஒக்கலிபுரத்தில். வேலை கிடைத்து வந்த புதிது. ரயிலை விட்டு இறங்கிப் பெட்டியோடு நடந்தே போய்விடலாமே என்று ஸ்டேஷனை ஒட்டி வீடு தேடினேன். ஓனர் தமிழர். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “ஃபேமிலியா தம்பி?” என்றார். “ஆமாங்க.” “ஃபேமிலி எங்க?” “ஊர்ல.” “எப்ப வருது?” “பொங்கலுக்கு.” சாவியைக் கொடுத்துவிட்டார். எனக்கு ஃபேமிலி என்றால் அம்மா, அப்பா, தங்கை. அவருக்கு ஃபேமிலி என்றால் பெண்டாட்டி, அதுவும் ஒருமையில். பொங்கலுக்கு அம்மாவும் அப்பாவும் ஒரு மூட்டை வேர்க்கடலையோடு ஆட்டோவிலிருந்து இறங்கினார்கள். ஓனர் வந்து வணக்கம் சொன்னார். பிறகு ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தார். “ஃபேமிலி எங்கப்பா?” “இதோ நிக்கிறாங்களே.” அவர் மறுபடியும் ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தார், மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேனோ என்று. அவர் மனைவி படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் என் குடித்தனம் தப்பியது.

சரி, சிவந்துபோன விளம்பரத்துக்கு வருகிறேன். வெட்கத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, இரண்டு படுக்கையறை, காவேரித் தண்ணீர் என்று மட்டும் போட்டேன். மறுநாளே ஒரு பெண் கூப்பிட்டார். பெயர் கௌதமி. கோலார் தங்கவயல்காரர். இங்கே ஒரு ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கும் வேலை. “சார், எல்லா விளம்பரத்துலயும் அது வேணாம் இது வேணாம்னு போட்டிருக்குது. உங்களுதுலதான் ஒண்ணுமே இல்ல. அதான் போன் பண்ணேன்” என்றார். தினமும் தங்கவயலிலிருந்து ரயிலேறி வந்து போய்க்கொண்டிருந்தவரைக் காலை ஷிஃப்டுக்கு மாற்றிவிட்டார்களாம். எந்த ரயிலைப் பிடித்தாலும் அதற்கு வந்து சேர முடியாது. மாதக் கடைசிக்குள் பக்கத்தில் வீடு பார்க்காவிட்டால் வேலையை விட வேண்டியதுதான். போன இடத்திலெல்லாம் வீடு பிடித்திருக்கிறதா என்று இவரைக் கேட்பதற்கு முன்னாலேயே இவரை அவர்களுக்குப் பிடிக்காமல் போய்க்கொண்டிருந்தது.

சனிக்கிழமை மாமியாரோடு வந்தார். மாமியார் ராஜம்மா, தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவரின் மனைவி, குரல் மட்டும் இன்னும் சுரங்கத்தின் அடியில் இருப்பவரைக் கூப்பிடுகிற அளவில். நான் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, நூற்றுக்கு நூறு வாங்கியவன் என்ற மிதப்பில் ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். “பாருங்க, நான் உங்க மதம் கேக்கமாட்டேன், சாதி கேக்கமாட்டேன், என்ன சாப்பிடுவீங்கன்னு கேக்கமாட்டேன். எனக்கு அதெல்லாம் கிடையாது.” கௌதமி தலையாட்டினார். எனக்கு அது போதவில்லை, நெருக்கம் காட்ட வேண்டுமே. “தங்கவயல்னா உங்களுக்குப் பூர்வீகம் வட ஆற்காடுதானே? நமக்குப் பக்கம்தான். அங்க எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?”

“வீட்டைக் காட்டுங்க சார்” என்றார் கௌதமி.

மென்பொருள் வேண்டியிருக்கவில்லை. என் காதே சிவந்தது. ராஜம்மா நேராகச் சமையலறைக்குப் போய்த் தொட்டியடியில் குனிந்து பார்த்தார். “மீன் கழுவுற தண்ணி எந்தாண்ட போவும்?” நான் காட்டினேன். “அடைக்காதே?” “அடைக்காதும்மா.” “அப்ப வீடு நல்ல வீடு” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

ஆனால் பெங்களூர் அபார்ட்மெண்டில் ஓனர் சரி என்றால் மட்டும் போதாது. அசோசியேஷன் செக்ரட்டரி ஒப்புக்கொண்டால்தான் சாமான் வண்டியை கேட்டுக்குள் விடுவார்கள். செக்ரட்டரி நல்ல மனிதர், கன்னடக்காரர், எங்கள் குழாய் உடைந்தால் தானே டார்ச்சோடு வருகிறவர். என் கன்னடமோ இத்தனை வருஷம் ஆகியும் ஆட்டோவையும் கத்தரிக்காயையும் தாண்டவில்லை. அவர் லிஃப்டுக்கு எதிரே என்னை நிறுத்தி, “மனேலி கண்டஸ்ரு யாரூ இல்வா?” என்று வேகமாகக் கேட்டார். எனக்கு விளங்கியது கண்டென்சர். ஏசியைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து, “இருக்கு சார், பால்கனியில மாட்டியிருக்கு. கொஞ்சம் சத்தம் போடும், மத்தபடி தொந்தரவு இல்ல. போன வருஷம்தான் கேஸ் ஃபில் பண்ணேன்” என்றேன். செக்ரட்டரி என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பக்கத்தில் நின்ற கௌதமி, சிரிப்பை விழுங்கிக்கொண்டு, “சார், வீட்டுல ஆம்பளைங்க யாரும் இல்லையான்னு கேக்கறார்” என்றார்.

ஆண்கள் இல்லை. அதுதான் சிக்கல். கௌதமியின் கணவர் குடித்துவிட்டுக் கைநீட்டுகிறவர். ஒருநாள் கௌதமி பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது, பெற்ற மகனை அங்கேயே விட்டுவிட்டு மாமியாரும் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே கிளம்பிவிட்டார். செக்ரட்டரி இதைக் கேட்டுவிட்டு, “அப்ப ஃபேமிலி இல்லை சார். ரெண்டு லேடீஸ். நாளைக்கு அந்த ஆள் வந்து கேட்டில் கலாட்டா பண்ணினால்?” என்று, எனக்காக இரக்கம் பார்த்துத் தமிழிலேயே கேட்டார். யோசித்து அடுத்த சனிக்கிழமை சொல்லுங்கள், தன்னிடம் ஒரு ‘நல்ல வெஜ் ஃபேமிலி’ தயாராக இருக்கிறது என்றும் சொன்னார்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த நல்ல வெஜ் ஃபேமிலி இரண்டு நாள் என் மனசுக்குள் குடியிருந்தது. சத்தமில்லை, சண்டையில்லை, செக்ரட்டரி முகம் கோணாது. ‘மன்னிக்கவும், ஏற்கெனவே வேறு ஆள் வந்துவிட்டார்கள்’ என்று கௌதமிக்கு அனுப்ப போனில் அடித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி சுமதி தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். “ஏங்க, இதுக்கு உங்க சாஃப்ட்வேர் என்ன கலர் காட்டும்?” என்றாள். அழித்துவிட்டேன்.

வக்கீல் நண்பன் ஒருவனைக் கூப்பிட்டேன். சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டேன். “டேய், உன் அமெரிக்காச் சட்டத்தை எலெக்ட்ரானிக் சிட்டி டோல்கேட்டுக்கு அந்தப் பக்கமே இறக்கி வெச்சுட்டு வா” என்றான். எனக்குப் புரிந்த அளவில் அவன் சொன்னது இது. அரசாங்கம் பாகுபாடு பார்க்கக் கூடாது என்று அரசியல் சாசனம் சொல்கிறது. கடை, ஹோட்டல், கிணறு, குளம் எல்லாவற்றிலும் எவரையும் தடுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. தனியார் ஒருவர் தன் வீட்டை வாடகைக்கு விடுவதைப் பற்றி அங்கே அப்படி ஒரு வரி இல்லை. சாதிப் பெயரைச் சொல்லி அவமானப்படுத்தினால் வழக்கு உண்டு. “அதனாலதான் எவனும் பேரைச் சொல்றதில்ல. இப்பத்தான் வேற ஆள் வந்துட்டாங்கன்னு சொல்றான்.” நான் இருமினேன். “அசோசியேஷன் தடுக்கலாமாடா?” “அவங்க ஆசைப்படலாம். அவங்க ஆசை சட்டமாகாது. வேணாங்கற காரணத்தை எழுதிக் குடுங்கன்னு கேளு. அப்ப யாருக்குத்தான் விடறதுன்னு என்னைக் கேக்காத, அது உன் வீடு.”

எனக்கு அழுகை வராத குறை. விட்டே ஆகவேண்டும் என்று சட்டம் இருந்தால் செக்ரட்டரியிடம் போய், “என்ன சார் பண்றது, சட்டம்” என்று கையை விரித்திருப்பேன். விடக் கூடாது என்று இருந்தால் அதே கையைக் கௌதமியிடம் விரித்திருப்பேன். கையை விரித்தே காலம் தள்ளிய ஆள் நான். அமெரிக்காவில் ஒரு வீட்டுக்காரர் நல்லவராக இருக்கிறாரா என்று பார்க்க ஒரு மென்பொருள் இருக்கிறது, அதைச் சோதிக்க நான் இருக்கிறேன். இங்கே அந்த வேலையை என் முகமே பார்க்க வேண்டியிருந்தது. என் முகம் அவ்வளவு நல்ல மென்பொருள் இல்லை.

சனிக்கிழமை அசோசியேஷன் அறையில் நால்வரும் உட்கார்ந்தோம். செக்ரட்டரி ராஜம்மாவிடம் மரியாதையாகத்தான், உங்கள் மகன் எங்கே அம்மா என்று கன்னடத்தில் கேட்டார். ராஜம்மா அதே கன்னடத்தில், “அவனே பேட அந்த பந்திதீவி” என்றார். அவன் வேண்டாம் என்றுதானே வந்திருக்கிறோம் என்று அர்த்தம். கௌதமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். செக்ரட்டரி என் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க சார். இது ஃபேமிலியா?”

நான் ஒக்கலிபுரத்து ஆட்டோவை நினைத்துக்கொண்டேன். “சார், மாமியாரும் மருமகளும் ஒரே பக்கம் நின்னு நான் பார்த்ததே இல்ல. எங்க வீட்டுலயே கிடையாது. இது ஃபேமிலி இல்லைன்னா எங்களுதுதான் ஃபேமிலி இல்ல” என்றேன். “இவங்களுக்குத்தான் விடறேன். உள்ளே விடமுடியாதுன்னா காரணத்தை எழுதிக் குடுங்க.”

செக்ரட்டரி பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். என்ன எழுதுவது என்று அவருக்குள் ஓடியதெல்லாம் முகத்தில் தெரிந்தது, எழுதிப்பார்த்தால் எந்தச் சொல்லும் நன்றாக இல்லை. மூடியை மறுபடி போட்டார். “ஆயித்து, சரி. சண்டே மட்டும் சாமான் ஏத்தாதீங்க, லிஃப்ட் பிஸியா இருக்கும்” என்றார். பிறகு வாசல்வரை வந்து, அந்த ஆள் எப்போதாவது வந்தால் கேட்டிலிருந்தே தனக்கு போன் செய்யச் சொல்லி, நம்பரைக் கௌதமியிடம் கொடுத்தார்.

கௌதமி காலை ஷிஃப்டில் சேர்ந்துவிட்டார். பால்கனி கண்டென்சர் ரொம்பச் சத்தம் போடுகிறது என்று சொல்லியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். அல்சூரில் அன்றைக்கு ஓனரம்மா வீட்டில் விரதம், எங்கள் வீட்டில் ரசம். லிஃப்டை விட்டு இறங்கும்போதே என் வீட்டிலிருந்து மீன் வறுக்கும் வாசனை, எல்லா ஜன்னலும் திறந்து கிடக்க, தாழ்வாரம் முழுக்க வந்தது. சட்டைப்பையில் இரண்டு சாவி இருந்தன. ஒன்று எனக்குச் சொந்தமில்லாத வீட்டைத் திறக்கும். இன்னொன்று என் சொந்த வீட்டுச் சாவி, அதை நான் போட்டுத் திறக்கக் கூடாது. என் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு என் காலிங்பெல்லை அழுத்தினேன். கிரில் கதவுக்குப் பின்னால் கரண்டியோடு ராஜம்மா வந்தார். எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

“நான்தாம்மா, ஓனர். தனியாத்தான் வந்தேன். உள்ள வரலாமா?”

“ஃபேமிலியோட வா.”