“இந்தப் பேப்பரை நான் எடுத்திருக்கக் கூடாது மேடம்”

ரேவதி போன் செய்தபோது நான் காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு கடை வாசலில் ஸ்கூட்டருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன். ரேவதி எங்கள் கல்லூரியின் பழைய மாணவி. “சார், பத்மா மேடம் போயிட்டாங்க சார்” என்றாள். இயந்திரச் சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்தது. “எங்கேம்மா?” என்று கேட்டுவிட்டேன். விடுமுறை நாள், எங்காவது வெளியூர் போயிருப்பார் என்றுதான் தோன்றியது. மறுமுனையில் பேச்சே இல்லை. அந்த மௌனத்தில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. காலையில் பூஜை முடித்து எழுந்தவர் அப்படியே சரிந்துவிட்டாராம். மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. வயது ஐம்பதைத் தாண்டி அதிக நாள் ஆகவில்லை.

பத்மாவதியை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் பலர் அவருடைய வகுப்பில் உட்கார்ந்தவர்கள். எங்கள் கல்லூரியில் உளவியலுக்கென்று துறை கிடையாது. கணிதமோ வணிகவியலோ எதைப் படித்தாலும், ஒரு பருவத்தில் விருப்பப் பாடமாக ‘உளவியல் அறிமுகம்’ எடுத்துக்கொள்ளலாம். அந்த ஒரே பாடத்துக்கு அவர் ஒருவர்தான் ஆசிரியர். துறை இல்லாததால் அறையும் இல்லை. வணிகவியல் துறையில் என் மேஜைக்கு எதிரே ஒரு மேஜை போட்டுக் கொடுத்தார்கள். பத்து வருடங்களுக்கு மேல் நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம்.

அவர் திருப்பருத்திக்குன்றத்துக்காரர். சமணக் குடும்பம், பொழுது சாய்ந்த பிறகு சாப்பிட மாட்டார். மாலையில் ஆசிரியர் கூட்டம் நீண்டுகொண்டே போனால், முதல்வர் பேசிக்கொண்டிருக்கும்போதே டிபன் டப்பாவைத் திறந்துவிடுவார். “நீங்க பேசுங்க சார், எனக்குக் காதுதான் வேணும், அது சும்மாத்தான் இருக்குது” என்பார். முதல்வரும் சிரித்துவிட்டுத் தொடர்வார். பத்மாவதி மீது யாருக்கும் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. ரேவதியின் அம்மா கன்னியம்மாவுக்கு மட்டும் வந்தது. அதைச் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு பருவத்தின் கடைசி வகுப்பிலும் அவர் பாடம் நடத்த மாட்டார். இந்தப் பாடத்தை எடுத்தது பற்றி மாணவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று வெளிப்படையாகச் சொல்லச் சொல்வார். மதிப்பெண்ணெல்லாம் அதற்கு முன்பே அனுப்பியாகிவிடும். அதனால் பயம் இருக்காது. ஒரு வருடம் என்னையும் வரச் சொன்னார். “நான் மட்டும் இருந்தா புகழ்ந்துட்டுப் போயிடுவாங்க. நீங்க பின்னாடி உட்காருங்க. வேத்து ஆள் இருந்தா கொஞ்சம் நிஜம் வரும்” என்றார். அது உளவியலா என்று எனக்குத் தெரியாது. போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன்.

முதலில் எழுந்தவன் எங்கள் பி.காம். பையன். “ஈஸி பேப்பர்னு சீனியர் சொன்னாங்க மேடம், அதான் எடுத்தேன். மூளைப் படம்லாம் வரைய வெப்பீங்கன்னு சொல்லல” என்றான். அடுத்து ஒரு பெண். “மூஞ்சியப் பாத்தா மனசுல இருக்கறது தெரிஞ்சிடும்னு நெனச்சு வந்தேன். எங்க வீட்ல மாப்பிள்ள பாக்கறாங்க, யூஸ் ஆவும்னு” என்றதும் சிரிப்பில் வகுப்பே அதிர்ந்தது. “எங்க அப்பா, பைத்தியத்துக்குப் படிக்கிறியான்னு கேக்கறாரு மேடம்” என்றான் ஒருவன். “மணி அடிச்சா நாய்க்கு எச்சில் ஊறும். அது ஒன்னுதான் ஞாபகத்துல இருக்குது. நம்ம காலேஜ் பெல் அடிச்சா எனக்கும் ஊறுது” என்றான் இன்னொருவன். பத்மாவதி எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

அப்போதுதான் ரேவதி எழுந்தாள். ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த, அதிகம் பேசாத பெண். “இந்தப் பேப்பரை நான் எடுத்திருக்கக் கூடாது மேடம்” என்றாள்.

சிரிப்பு நிற்கச் சிறிது நேரம் ஆயிற்று. அவள் காத்திருந்தாள். பிறகு சொன்னாள். அவளுடைய அண்ணன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய்த் திரும்பும்போது பைக் விபத்தில் இறந்துவிட்டான். அதன் பிறகு அம்மா சமையல்கட்டில் அவனோடு பேச ஆரம்பித்தாள். அவனுக்கும் ஒரு தட்டு வைப்பாள். தெருவில் எல்லோரும், பெற்ற மனசு, அப்படித்தான் இருக்கும் என்றார்கள். ரேவதியும் அப்படித்தான் நினைத்திருந்தாள். ஐந்தாம் யூனிட்டில், இல்லாத குரல்கள் காதில் கேட்பதைப் பற்றி பத்மாவதி நடத்திய நாளன்று வீட்டுக்குப் போய் அம்மாவைப் பார்த்தாளாம்.

“அதுவரைக்கும் எங்கம்மாவாத்தான் இருந்தாங்க மேடம். அன்னைக்கு நீங்க நடத்துன பாடமா தெரிஞ்சாங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போனேன். மாத்திரை குடுத்தாங்க. இப்ப அவங்க காதுல எதுவும் கேக்கல. ஆனா எங்கிட்ட பேசறதில்ல. ‘உங்க அண்ணன ரெண்டாவது தபா நீதான் சாகடிச்ச’ன்றாங்க.”

பத்மாவதி ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன், பிள்ளைகளும் எதிர்பார்த்திருப்பார்கள். அவர் கேட்டது ஒன்றுதான். “நான் உங்க வீட்டுக்கு வரலாமா?”

என்னையும் துணைக்குக் கூப்பிட்டார். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் தெரு. கன்னியம்மா பக்கத்து வீட்டுத் தறிக்கு நூல் சுற்றிக் கொடுப்பவர். நாங்கள் போன மதியம் அவர் சுவரில் சாய்ந்து சும்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டில் தறி ஓடும் சத்தம் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது.

“நீங்கதான் பாடம் சொல்லிக் குடுத்த டீச்சரா?”

“ஆமாம்மா.”

“எம்புள்ள வாய அடைச்சிட்டீங்களே. நல்லா பேசிக்கினு இருந்தாம்மா.”

ரேவதி நாற்காலியை இழுத்துப் போட்டாள். பத்மாவதி அதில் உட்காராமல் கன்னியம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். நான் வாசல் நிலையோரம் நின்றுகொண்டேன். பிறகு பத்மாவதி கேட்டார்.

“என்னம்மா பேசுவான்?”

கன்னியம்மா திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார். “இத யாருமே கேக்கலம்மா. எத்தினி நாளா கேக்குதுன்னுதான் டாக்டரு கேட்டாரு. இவ அதுகூட கேக்கல” என்றவர், குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். “வேலக்கிப் போய்ட்டு வந்தா மாரியே வருவான். சாப்டியாம்மான்னு கேப்பான். தண்ணி வந்துச்சா, கொடம் ரொப்பினியான்னு கேப்பான். தங்கச்சி காலேஜ்லேர்ந்து வந்துட்டாளான்னு கேப்பான். அவ்ளோதான். வேற ஒன்னும் பெருசா பேசமாட்டான்.”

“அப்புறம்?”

“ஆடி மாசத்துக்கு மேல வேற மாரி பேசனான். ‘இங்க இருட்டா இருக்குதும்மா, தனியா இருக்கறேன், நீ வா’ன்னான். எப்ப வர்ற, எப்ப வர்றன்னு கேட்டுக்கினே இருந்தான். ரயில்வே கேட்டாண்ட நிக்கறேன், வான்னான்.” கன்னியம்மா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டார். “ரெண்டு தபா போய் நின்னேன். இவ பசியோட வருவாளேன்னு திரும்பி வந்துட்டேன்.”

ரேவதி அப்போது எங்களுக்கு டீ கொண்டுவந்துகொண்டிருந்தாள். தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள். அவளும் இதை அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிறாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள். “அம்மா” என்றாள். கன்னியம்மா அவளைத் தொடவும் இல்லை, தள்ளவும் இல்லை. தறிச் சத்தம் நின்று மறுபடி ஆரம்பித்தது.

இப்போதாவது பத்மாவதி அந்தப் பெண்ணிடம், ‘பார்த்தாயா, நீ செய்ததுதான் சரி’ என்று சொல்வார் என்று நினைத்தேன். அவர் சொல்லவில்லை. ஆட்டோவுக்காகத் தெருமுனையில் நிற்கும்போது நான் சொன்னேன், “நல்லவேளை மேடம், அந்தப் பொண்ணு உங்க பேப்பரை எடுத்தது.”

“அப்படிச் சொல்லாதீங்க சார்” என்றார். “உயிர் மிஞ்சிச்சு. சரிதான். ஆனா அந்தம்மாவுக்கு தினமும் சாயங்காலம் ஒருத்தன் வந்து, சாப்டியான்னு கேட்டான். இனிமே யாரு கேப்பாங்க?”

அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதுபோல் அவர் அந்த வீட்டுக்குத் தொடர்ந்து போனார். எனக்குத் தெரிந்து அவர் அங்கே பெரிதாக எதுவும் செய்ததில்லை. உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். கன்னியம்மா மகனைப் பற்றிச் சொல்வார். சொன்னதையே மறுபடி சொல்வார். மெல்ல மெல்ல நூல் சுற்றத் தொடங்கினார், மகளோடு பேசத் தொடங்கினார். மாத்திரையை நிறுத்த வேண்டும்போல் இருந்தால் முதலில் தன்னிடம் சொல்ல வேண்டும் என்று பத்மாவதி அவரிடம் வாக்கு வாங்கியிருந்தார். இதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

ஆனால் பத்மாவதி பழையபடி இல்லை. ஐந்தாம் யூனிட் வரும் வாரம் அவருக்குச் சாப்பாடு இறங்காது. மதிய டிபனைத் திறந்து மூடிவிடுவார். “முகங்களைப் பாத்துக்கிட்டே நடத்தறேன் சார். எல்லாரும் எழுதிக்கிட்டிருப்பாங்க. ஒரு முகம் மட்டும் எழுதறத நிறுத்திட்டு நிமிரும். யாரோ வீட்டு ஆள் ஞாபகத்துக்கு வந்துட்டாங்கன்னு அர்த்தம். அந்த ஒன்னை நான் பாக்காம விட்டுட்டா?” என்பார். அந்தப் பாடத்தைத் தொடங்கும் முன் ஒரு வாக்கியம் சொல்லும் வழக்கம் அப்போதுதான் வந்தது. “இதுல உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது வரலாம். வந்தா, வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி என்கிட்ட வந்துட்டுப் போங்க.” வகுப்பு முடிந்து வராந்தாவில் நின்றுகொண்டிருப்பார். சில வருடங்கள் ஒருவரும் வர மாட்டார்கள். சில வருடங்களில் எங்கள் அறைக் கதவருகே யாராவது தயங்கி நிற்பார்கள். நான் எழுந்து வெளியே போய்விடுவேன். ‘மேடம் கிளாஸ் ரொம்ப சீரியஸா போவுது’ என்று கடைசி வகுப்பில் குறை சொன்னவர்களும் உண்டு. அதையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

இறுதிச் சடங்கன்று திருப்பருத்திக்குன்றத்தில் அவர் வீட்டு வாசலில் மாணவர்கள் கூட்டம் தெருவை அடைத்திருந்தது. ரேவதி அம்மாவைக் கைப்பிடித்து அழைத்துவந்தாள். கன்னியம்மா அழவில்லை. பத்மாவதியின் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, பந்தல் கம்பைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றார்.

“சார், அந்தம்மா கொரலு உனக்குக் கேக்குதா?”

“இல்லம்மா.”

“எனக்கும் கேக்கல. மாத்திரய நிறுத்துனா கேக்குமோன்னு காலையிலேர்ந்து நெனச்சுக்கினு இருக்கறேன்.” நான் பதறிப்போய் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையை உயர்த்தி என்னை அடக்கினார். “நிறுத்தமாட்டேன் சார். அந்தம்மாகிட்ட சொல்லிட்டுத்தான் நிறுத்தணும்னு வாக்கு குடுத்துக்கிறேன். இனிமே யாராண்ட போய்ச் சொல்றது?”

ரேவதி வந்து, “சாப்டியாம்மா? வா, எதனா சாப்புடு” என்று அவரை அழைத்துக்கொண்டு போனாள்.

பத்மாவதியிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று இந்த நாட்களில் யோசித்துப் பார்க்கிறேன். அவருடைய நல்ல குணங்களில் ஒன்றையாவது எடுத்துக்கொண்டேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் என்னிடம் வந்து சேர்ந்தது வேறொன்று.

சில வருடங்களுக்கு முன்பு அவர் வகுப்பில் தினேஷ் என்று ஒரு மாணவன் இருந்தான். பக்கத்துக் கிராமத்து விவசாயக் குடும்பம். கடைசி வகுப்பில் எல்லோரும் வழக்கம்போல் குறையும் கேலியுமாகப் பேசியபோது, அவன் மட்டும், “சூப்பரா இருந்துச்சு மேடம், எந்தக் கொறையும் இல்ல” என்று சிரித்தபடி சொன்னானாம். எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்த பருவம் அவன் வரவில்லை. பத்மாவதி பஸ் பிடித்து அவன் ஊருக்குப் போனார். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைவிட்டுப் போய்விட்டான், எங்கே என்று தெரியாது என்றார் அவன் அப்பா. ஐந்தாறு மாதமாகவே கல்லூரி விட்டு வந்தால் அறையை விட்டு வெளியே வருவதில்லை, யாரோ தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தான் என்றாராம்.

“அத்தனை பேரும் ஏதாவது சொன்னாங்க சார். ஒன்னுமே இல்லன்னு சொன்னவன் அவன் ஒருத்தன்தான். முன்னாடி பெஞ்சில உட்கார்ந்திருந்தான். நான் பின்னாடி பெஞ்சு முகங்களைப் பாத்துக்கிட்டிருந்தேன்” என்றார் ஒருநாள். அதன் பிறகு காஞ்சிபுரம் பஸ் நிலையத்தைக் கடக்கும்போதெல்லாம் அவர் பேச்சு பாதியில் நிற்கும். கண் கூட்டத்துக்குள் போய்விடும். கோயில் வாசல்களில் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களை ஒவ்வொருவராகப் பார்ப்பார். அவன் கிடைக்கவில்லை.

நேற்று மாலை பஸ் நிலையத்தில் நின்றிருந்தேன். ஸ்ரீபெரும்புதூர் பஸ் வந்து, ஷிப்டு முடிந்த பையன்கள் இறங்கினார்கள். என் கண் ஒவ்வொரு முகமாகப் போய் நின்றது. நான் ஏற வேண்டிய பஸ் கிளம்பிப் போன பிறகுதான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. தினேஷை நான் ஒரே ஒருமுறை வராந்தாவில் பார்த்திருக்கிறேன். அவன் முகம் எனக்குச் சரியாக நினைவில் இல்லை. அதனால் எல்லா முகங்களையும் பார்க்க வேண்டியிருக்கிறது.