குக்கரில் வெட்டிய பேர்

இன்று மதியம், புதுக்கோட்டையில் ஒரு பாத்திரக் கடை. அடுத்த வாரம் ஜெர்மனிக்குப் படிக்கப் போகும் மகளுக்குக் குக்கர் வாங்கிய ஒரு அம்மா, அதில் பேர் வெட்டித் தரச் சொன்னார்.

மகளுக்கு வெட்கம். "அங்க யாரும்மா இதத் தூக்கிட்டுப் போகப் போறா?"

"தூக்கலைன்னாலும் பேரு இருக்கட்டும்டி."

"எதுக்கும்மா அவ்வளவு தூரம் போற?" என்று, பக்கத்தில் பாத்திரம் பார்த்துக்கொண்டிருந்த நான் அந்த மகளிடம் கேட்டேன்.

"இங்க எங்கிட்டுப் போனாலும் யாரு வீட்டுப் புள்ளைன்னு கேக்குறாங்கக்கா."

சிரித்துவிட்டேன். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் நான் டப்ளினுக்குப் போனதும் அதற்காகத்தான். வெளியே சொன்ன காரணம்தான் எம்.எஸ். படிப்பு.

நினைத்தபடியே அங்கே யாரும் கேட்கவில்லை. ஒரு மாதம் சுகமாக இருந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐந்து பேர் சேர்ந்து சமைக்கும் அடுப்படியில் வீட்டில் என் பேர் வெட்டிக் கொடுத்தனுப்பிய குக்கரைக் கழுவும்போது, "வல்லத்திராக்கோட்டை மு. செல்வராணி" என்ற எழுத்துகள் விரலில் தட்டின. அப்பாவின் இனிஷியலை ஈரக் கையால் தடவிக்கொண்டே வெகுநேரம் நின்றேன்.

ஊர் திரும்பும்போது பெட்டி எடை கூடிவிட்டது. குக்கரை அடுத்து வந்த பிள்ளைகளிடம் விட்டுவிட்டேன்.

இப்போது அதில் சோறு வைப்பவர் இதைப் படித்தால், முதலில் கேஸ்கட்டை மாற்றுங்கள். அப்படியே, நீங்கள் யார் வீட்டுப் பிள்ளை என்றும் சொல்லிவிட்டுப் போங்கள்.