கைப்பிடிக்கு வராத முடி

எனக்குக் கோர்வையாக எழுத வராது. தெல்தோட்டைப் பக்கம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு நின்றவள். ஒன்றைச் சொல்லப் போய் இன்னொன்றில் நின்றுவிடுவேன். பாதி மறந்தும் போயிற்று. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆள் முகம் பார்த்துப் பேசவே எனக்குக் கூச்சம். ஆனால் இந்த வயதிலும் என் தலையைப் பார்க்கிறவர்கள், "என்னா, நேர்த்திக்கடனா? காய்ச்சல்ல கொட்டிப்போச்சா?" என்று கேட்கிறார்கள். இரண்டும் இல்லை. வாயால் சொல்ல முடியாததை எழுதியாவது வைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

கலியாணம் முடிந்து, கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டைக்கு வந்தபோது என் சடை இடுப்புக்குக் கீழே தொங்கும். என் புருஷன் எனக்கு அத்தை மகன்தான். அடிப்பதற்கு முன் அந்தச் சடையை வலது கையில் சுற்றிக்கொள்வார். மாட்டுக் கயிற்றைச் சுற்றுவது போல, அவசரமே இல்லாமல். சுற்றி முடியும்போது என் தலை அவர் இடுப்புக்குப் பக்கத்தில் வந்திருக்கும். பிறகு இடது கை. கை வலித்தால் கதவு நிலை. குடித்துவிட்டு அடித்தார் என்று எழுதினால் படிக்கிறவர்களுக்கு ஆறுதலாக இருக்கும். குடிக்காமலும் அடித்தார். லொறியில் தேயிலைப் பெட்டி ஏற்றி இறக்குவது அவர் வேலை. பெட்டி தூக்கித் தூக்கி உள்ளங்கை பலகை மாதிரி ஆகியிருந்தது. உப்புக் கூடினால் அடி, குறைந்தால் அடி. எல்லாம் சரியாக இருந்தால், "என்னாடி, மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்று அடி.

பகலில் நான் கண்டி டவுனில் ஒரு பறங்கிச் சீமாட்டி வீட்டில் வேலை செய்தேன்; நோனா என்றுதான் கூப்பிடுவோம். அந்த நோனா தன் வீட்டு முன்னறையில் ஆளுயரக் கண்ணாடியும் ஒரு சுழல் கதிரையும் போட்டு, தோட்டத்துத் துரைசாணிமாருக்கும் டவுனில் உள்ள நோனாமாருக்கும் முடி வெட்டுவார். பெண்கள் கூந்தலைக் கட்டையாக வெட்டுகிற காலம் அப்போதுதான் கண்டிக்கு வந்திருந்தது. வெட்டி விழுந்ததைக் கூட்டுவதும், முடி சுருட்டும் கம்பியைச் சூடாக்குவதும், செம்பருத்தி என்கிற செவ்வரத்தை இலையைக் கசக்கி வழுவழுப்பு எடுத்துக் கொடுப்பதும் என் வேலை. சீமையிலிருந்து வரும் முடித்தைலப் போத்தல் தீர்ந்துவிட்டால் அந்த வழுவழுப்பைத் தடவித்தான் நோனா முடியில் அலை வைப்பார்.

நோனா எடுத்த எடுப்பில் கத்தரியைத் தூக்க மாட்டார். வந்தவளை நடக்கச் சொல்வார், சிரிக்கச் சொல்வார். தாடை அகன்றவளுக்குத் தாடையோடு நிற்கும் வெட்டு வேண்டாம் என்பார். கழுத்து நீளமானவளுக்குப் பிடரியை ஒட்ட வெட்டி, முன்பக்கம் கொஞ்சம் நீளம் விடுவார். அடர்ந்த முடி என்றால் பல் வைத்த கத்தரியால் உள்ளுக்குள் குறைப்பார். கடைசியில் ஈர முடியில் சவரக் கத்தியைச் சாய்த்து இழுப்பார். நுனிகள் ஒன்றுபோல் நிற்காமல், ஆடு மேய்ந்த புல் மாதிரி ஏறியும் இறங்கியும் கிடக்கும். "சீப்பு போட்ட மாதிரி தெரியக் கூடாது. காத்து வந்து போன மாதிரி இருக்க வேணும்," என்பார். அழகாகத்தான் இருக்கும். ஆனால் எனக்கு என்று நான் அதை நினைத்ததே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சோறு அடிப்பிடித்துவிட்டது. என் புருஷன் சடையைச் சுற்றிக்கொண்டு, வீட்டுக்குள் அடிக்காமல், படி இறக்கி ஆற்றுக்கு இழுத்துக்கொண்டு போனார். மகாவலியில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள். புருஷன் பெண்சாதி விஷயம் என்று இருந்துவிட்டார்கள். என் முகத்தைத் தண்ணீருக்குள் அழுத்தினார். சடை கையில் இருந்ததால் அவருக்குக் குனியக்கூட வேண்டியிருக்கவில்லை. தூக்கினார், மூச்சு விடுவதற்குள் மறுபடி அழுத்தினார். வாயில் மணல். காதுக்குள் ஆறு இரைந்தது. கை ஓய்ந்ததால்தான் விட்டார், மனம் இரங்கி அல்ல. கரையில் கிடந்து வாந்தி எடுக்கும்போது எனக்கு ஒன்று விளங்கிற்று. இனி ஒரு தரம் இந்தச் சடை அவர் கையில் சிக்கினால் நான் செத்துப்போவேன்.

மறுநாள் விடியுமுன் அவர் லொறியில் போய்விட்டார். நான் நோனா வீட்டுக்குப் போனேன்.

"என்ன இது, முகம்?" என்று நோனா கேட்டார்.

"வழுக்கி விழுந்துட்டேன் நோனா."

"வழுக்கி விழுந்தா கழுத்தில விரல் அடையாளம் வருமா?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "என் முடிய வெட்டிவுடுங்க நோனா," என்றேன்.

நோனாவுக்கு ஒரே ஆச்சரியம். இங்கிலீசுப் புத்தகத்தை எடுத்துப் படங்களைக் காட்டினார். "எது வேணும்? எவ்வளவு நீளம்?"

"கையில புடிக்க முடியாத அளவு."

நோனா புத்தகத்தை மூடிவிட்டார். பிறகு என்னைத் துரைசாணிமார் உட்காரும் கதிரையில் உட்காரச் சொன்னார். நான் தயங்கி நின்றேன். தோளைப் பிடித்து உட்கார வைத்தார். "சரி, புடிச்சுப் பார்த்துப் பார்த்துத்தான் வெட்ட வேணும்," என்றார்.

முதலில் தாடை மட்டத்துக்கு வெட்டி, தன் கையை என் தலைக்குள் விட்டு முஷ்டி பிடித்தார். "வருதா?"

"நல்லாப் புடி வருது நோனா."

பிடரியை ஒட்ட வெட்டினார். அங்கே விரல் வழுக்கிற்று. காதுக்கு மேல் இன்னும் சிக்கிற்று. அதையும் குறைத்தார். உச்சியில் முன்பு ஒரு நாள் கொத்தாகப் பிய்ந்துபோன இடம் சொட்டையாய் இருந்தது. நோனா அதை அன்றுதான் கண்டார். அந்தச் சொட்டை தெரியாதபடி சுற்றியுள்ள முடியைச் சவரக் கத்தியால் சாய்த்து இழுத்து, துண்டு துண்டாக, ஒவ்வொன்றும் ஒரு பக்கம் விழும்படி விட்டார்.

"முன்னால கொஞ்சம் விடுறேன். உன்ட நெத்தி சின்னது, வடிவா இருக்கும்," என்றார்.

"வேணாம் நோனா. முன்னுக்குப் புடிச்சா கழுத்து பின்னால மடங்கிரும்."

நோனா கத்தரியை என் நெற்றியோடு வைத்தார். முன்முடியும் போயிற்று. கடைசியாக வழுவழுப்பைத் தடவி விரலால் கலைத்துவிட்டு, "புருஷன் கேட்டா, நோனா பழகுறதுக்கு வெட்டினா என்டு சொல்லு," என்றார். சடை தரையில் கிடந்தது. நானே கூட்டி அள்ளினேன்.

அன்று என் புருஷன் வீடு திரும்பவில்லை. மறுநாள் காலையில் ஆற்றில் குளித்துவிட்டு, பொட்டு வைக்கப் போகும் நேரம் வாசலில் ஆள் வந்த சத்தம் கேட்டது. என் அத்தை, அவரைப் பெற்றவர், தெல்தோட்டையிலிருந்து பலாப்பழம் ஒன்றைச் சுமந்துகொண்டு வந்திருந்தார். என் தலையைப் பார்த்தார். பழம் கீழே விழுந்தது. எங்கள் ஆட்களில் அந்தக் காலத்தில் தாலி அறுத்தவளுக்குத்தான் கூந்தலை வெட்டுவார்கள். நெற்றியிலும் பொட்டில்லை. மகனோ மலைப்பாதையில் லொறியில் போகிறவன்.

"ஐயோ, எம் ராசா!" என்று மாரில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "அந்த லொறி வேணாம், லொறி வேணாமுன்னு தலையால அடிச்சுக்கிட்டேனே! எந்தப் பள்ளத்துல கெடக்குறியோ!"

"அத்தே, அப்படி இல்ல அத்தே..."

"நீ பேசாத புள்ள! பெத்தவளுக்குச் சொல்லியனுப்ப இந்த ஊருல ஒரு நாதி இல்லாமப் போச்சா?" கொண்டையை அவிழ்த்துவிட்டு ஒப்பாரி வைத்தார். எனக்குச் சத்தமாகப் பேச வராது. அந்த ஓலத்துக்குள் என் குரல் எடுபடவில்லை.

எங்கள் வீட்டுக்கு முன்னால் கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளியின் பெண்சாதி ஓடி வந்தார். "என்னத்துக்கு மாரடிக்கிறீங்க? உங்கட மகன் உசுரோட ஈக்கிறாரு! முந்தாநாள் எங்கட கடையில பீடி வாங்கினாரே!"

"முந்தாநாள் பீடி வாங்குனவன் நேத்துச் சாவ மாட்டானா?" என்று அத்தை கேட்டு, இன்னும் உரக்க அழுதார்.

சனம் கூடிவிட்டது. அந்தச் சனத்தைத் தள்ளிக்கொண்டு என் புருஷன் வந்தார். "எவன் செத்தான்?" என்று கேட்டுக்கொண்டே வந்தவர், தாய் தன் பேரைச் சொல்லி அழுவதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நான் குத்துக்கல்லு மாதிரி இருக்கேன், அதுக்குள்ள எனக்குத் தாலியறுத்தியாடி?"

நோனா சொல்லித் தந்தது என் வாயில் வரவில்லை. அவர் கை பழக்கப்படி என் பிடரிக்குப் போயிற்று. அங்கே ஒன்றும் இல்லை. உச்சியில் பிடித்தார், வழுக்கிற்று. காதுக்கு மேல் பிடித்தார், நகம் தோலைக் கிழித்ததே தவிர முடி கைக்கு வரவில்லை. வெறும் கையை ஒரு தரம் பார்த்தார். பிறகு முஷ்டியால் என் வாயில் குத்தினார். பல் ஒன்று முறிந்து நாக்கில் கிடந்தது. ஆனால் என்னை யாரும் பிடித்திருக்கவில்லை. அடி வாங்கிய பிறகு என் கால் என் இஷ்டத்துக்குப் போனது அன்றுதான். ஓடினேன்.

பாலத்துப் பக்கம் போகும்போது அவர் விறகுக் கட்டையோடு எட்டிவிட்டார். முதுகில் விழுந்த அடியில் நான் ரோட்டில் குப்புற விழுந்தேன். மறுபடி ஓங்கும்போது அத்தை தலைவிரிகோலமாய் வந்து நடுவில் நின்றார். நின்று, மகன் முகத்தைப் பார்த்துக்கொண்டே, விட்ட இடத்திலிருந்து ஒப்பாரியைத் தொடங்கினார்.

"ஆத்தா, நிறுத்து! இந்தா நிக்கிறேன் பாரு!"

"நீ எவன்டா? எம் மவன் செத்துட்டான். ஊரு கேக்க அழுதுட்டேன். அழுததத் திருப்பி வாங்க மாட்டேன்."

வண்டிக்காரர் ஒருவர், "அண்ணே, ஒங்க எழவு வீட்டுல நீங்களே கட்டையத் தூக்கிக்கிட்டு நிக்கலாமா?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அவருக்கு வெறி தலைக்கேறிவிட்டது. கட்டையை வீசினார். அது அத்தையின் தோளில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் கீழே கிடந்த எனக்குக் கேட்டது. அத்தை ஒப்பாரியை நிறுத்தவில்லை. பெண்சாதியை அடிக்கும்போது பார்த்துக்கொண்டிருந்த சனம், பெற்றவளை அடித்ததும் பாய்ந்தது. அவரைக் கீழே தள்ளி மிதித்தார்கள். நான் தடுக்கவில்லை.

அத்தை தொங்கிய கையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் என்னைக் கண்டி பஸ்ஸில் ஏற்றினார். "நோனா வீட்லயே கெட. திரும்பி வராத. அவனுக்குக் கருமாதிய நான் செஞ்சிர்றேன்," என்றார்.

கோபத்தில் சொன்னது என்றுதான் நினைத்தேன். தோளில் கட்டுப் போட்டுக்கொண்டு தெல்தோட்டையில் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் பதினாறாம் நாள் சோறு ஆக்கிப் போட்டாராம். அதன் பிறகு எங்கள் சனத்தில் ஒரு வீட்டிலும் என் புருஷனை உள்ளே விடவில்லை. கருமாதி முடிந்தவனுக்கு யார் சோறு போடுவார்கள்?

என் வாய் வீக்கம் வற்றுமுன் ஒரு துரைசாணி வந்து, கதிரையில் உட்கார்ந்து, தரை கூட்டிக்கொண்டிருந்த என் தலையைக் காட்டி, அதே வெட்டு தனக்கும் வேண்டும் என்றார். நோனா என்னைக் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவருக்கு வெட்டினார். அந்த மழைக்காலம் முடியுமுன் கண்டியில் இன்னும் சிலர் அந்தத் தலையோடு நடந்தார்கள்.

என் புருஷன் ஒரு நாள் நோனா வீட்டுக்கு எதிரே வந்து நின்றார். நான் பின்கட்டுக்குப் போகாமல் ஜன்னலிலேயே நின்றேன். அவர் ரோட்டைக் கடக்கவில்லை. மாதத்துக்கு ஒரு தரம் நோனா என் முடியைக் குறைத்துவிடுவார். நோனா போன பிறகு நானே கண்ணாடி முன் நின்று வெட்டிக்கொள்கிறேன்.

வருஷத்தை நான் எழுதவில்லை, மறந்துவிட்டது. ஜெர்மன்காரனோடு இரண்டாம் தடவை பெரிய சண்டை தொடங்குவதற்கு முந்தி என்று மட்டும் தெரியும். நான் விழுந்தது பாலத்துக்கு இந்தப் பக்கமா, பாலம் ஏறிய பிறகா என்பதிலும் சந்தேகம். தெல்தோட்டையில் அந்தக் கருமாதிச் சோறு சாப்பிட்டவர்கள், அல்லது அவர்கள் பிள்ளைகள், யாராவது இருந்தால், நான் எழுதியது சரிதானா என்று ஒருமுறை கேட்டுப் பார்த்து, பிழையைத் திருத்திவிடுங்கள்.