விஜிலா வாசிக்காத செய்தி

போன மாதம் தூத்துக்குடியில் ஒரு ஓட்டல் அரங்கில் கருத்தரங்கு நடந்தது. வாசலில் விஜிலாவின் படத்தை ஆள் உயரத்துக்கு அச்சடித்து நிறுத்தியிருந்தார்கள். கையில் மைக், பின்னால் கடல், முகத்தில் போட்டோக்காரன் சொல்லி வரவழைத்த சிரிப்பு. கீழே 'கடலோர மக்களின் காவல் குரல்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அங்கே மைக் செட் போட்டவன் நான். பெயர் சுடலைக்கண்ணன், குளத்தூரில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறேன். பேச வந்தவர்கள் பருவநிலை மாற்றம், தகவல் தொழில்நுட்பம் என்று வெளுத்து வாங்கினார்கள். படத்திலிருக்கும் பெண்ணுக்கு என்ன நடந்தது என்று ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபப்பட எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்பது வேறு விஷயம். அதையும் சேர்த்துச் சொல்லிவிடத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

விஜிலாவின் ஊர் கீழவைப்பார். அப்பா சின்ன வயதிலேயே தவறிவிட்டார். அம்மாவும் போனபோது விஜிலாவுக்குப் பத்தொன்பது, தம்பி வளனுக்கு ஒன்பது. நண்டு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். வேகவைத்த நண்டின் ஓட்டை உடைத்துச் சதையைப் பிரித்தெடுக்கும் வேலை. விரல் நுனியெல்லாம் வெடித்துக் கிடக்கும். பெண் கேட்டு வந்தவர்களிடம் தம்பி படித்து முடிக்கட்டும் என்றாள். அவனோ பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டுக் கடலுக்குப் போனான். அதன்பிறகு அவனுக்கு ஜெமிமாவைக் கட்டிவைத்து, இரண்டு வீடு தள்ளிக் குடிவைத்து, அவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரிந்தாள். இவளுக்கு யாரும் மாப்பிள்ளை பார்க்கவில்லை. ஊரே அதை மறந்துபோயிருந்தது என்பதுதான் உண்மை.

நல்ல குரல் அவளுக்கு. கோயிலில் பூசை நேரத்தில் வேதாகம வாசகம் வாசிப்பவள் அவள்தான். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு தொண்டு நிறுவனம் கடற்கரை வலைக்கொட்டகையில் தகவல் மையம் திறந்தபோது, மைக்கில் பேச ஆள் வேண்டும் என்றதும் எல்லாரும் அவளைத்தான் கைகாட்டினார்கள். ஆம்ப்ளிபயரும் நாலு ஒலிபெருக்கிக் குழாய்களும் மாட்டிக்கொடுத்தவன் நான். காற்று, அலை, மழை பற்றிய செய்தி அவள் போனுக்கு வரும். அதை விடியற்காலையிலும் சாயங்காலமும் அவள் மைக்கில் சொல்ல வேண்டும்.

அது தேவையாகத்தான் இருந்தது. கச்சான் என்கிற மேல்காற்று முன்பெல்லாம் ஆனியில்தான் ஓங்கி அடிக்கும். இப்போது பங்குனியிலேயே வந்து நிற்கிறது. வானத்தைப் பார்த்தே காற்றைச் சொல்லிவிடுகிற ஆட்கள் ஒவ்வொருவராகத் தப்புச் சொல்லி அவமானப்பட்டு வாயை மூடிக்கொண்டார்கள்.

முதல் வாரம் வந்த செய்தியை அப்படியே வாசித்தாள். மேற்குத் திசையிலிருந்து மணிக்கு நாற்பத்தைந்து முதல் ஐம்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் என்று போகும். கொட்டகையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒருவர், "ஏளா விஜிலா, இத எங்களுக்குச் சொல்லுதியா, கலெக்டருக்குச் சொல்லுதியா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. மறுநாளிலிருந்து தன் பேச்சில் சொல்ல ஆரம்பித்தாள். "மத்தியானத்துக்கு மேல கச்சான் ஏறும், தீவத் தாண்டி வல போட்டவிய வெரசா எடுத்துட்டு வந்துருங்க" என்பாள். கிலோமீட்டரைக் கேட்டு நகராதவர்கள் இதைக் கேட்டு நகர்ந்தார்கள். ஒரு கார்த்திகை மாதம் அவள் பேச்சைக் கேட்டு ஊர் வள்ளங்கள் முழுக்கக் கரையில் நின்றன. அன்றைக்கு அடித்த காற்றில் வெளியே போயிருந்தால் பாதி திரும்பியிருக்காது. அதற்குப் பிறகு அவள் சொன்னால் சொன்னதுதான்.

ஆனால் வருஷம் போகப்போகத் தடைச் செய்திகள் கூடிக்கொண்டே போயின. வாரத்தில் ரெண்டு நாள், மூன்று நாள் என்று போகாதே, போகாதே என்றே சொல்ல வேண்டியிருந்தது. பிள்ளைகுட்டிக்காரர்கள் என்ன செய்வார்கள்? அவளுக்குப் பூட்டுக்காரி என்று பட்டப்பெயர் வைத்தார்கள். கடலுக்குப் பூட்டுப் போடுகிறவளாம். அதை முதலில் சொன்னவனே வளன்தான். அக்காள் மைக்கை அணைத்துவிட்டு வரும்போது, "ஏக்கா, சாவிய எங்க வச்சிருக்க?" என்று கேட்பான். அவள் அவன் தலையில் ஒரு குட்டு வைப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவளுக்கு வேலை இல்லை. அந்தக் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை யாரும் தொழிலுக்குப் போவதில்லை. அது கட்டுப்பாடு. மீறினால் ஊர்க் கமிட்டி தெண்டம் போட்டு, பெயரைச் சபையில் வாசிக்கும். போக ஆளில்லாத நாளில் யாருக்குக் காற்றுச் செய்தி? மைக்குக்கும் ஒருநாள் ஓய்வு கொடுங்கள் என்று நானே சொல்லியிருக்கிறேன். அதனால் ரிப்பேர் வேலை எதுவானாலும் ஞாயிறு காலையில்தான் போவேன்.

போன பங்குனியில், தவக்காலத்து ஞாயிறு ஒன்று. கொட்டகைக் குழாய்களின் ஒயர் உப்புக்காற்றில் துருப்பிடித்து இற்றுப்போயிருந்தது. மாற்றுவதற்காகக் காலை ஆறரைக்கே போய்விட்டேன். ஊர் முழுக்கக் கோயிலில். கடற்கரையில் நானும் நாலு நாயும்தான். கோயில் ஒலிபெருக்கியில் பூசை கேட்டுக்கொண்டிருந்தது. ஏழு மணி தாண்டியதும் விஜிலாவின் குரல் வந்தது. வாசகம் வாசித்தாள். நான் ஏணியில் நின்று ஒயரை இறுக்கிக்கொண்டே கேட்டேன். ஒரு இடத்தில் சின்னதாகத் தடுமாறி மறுபடி வாசித்தாள். அவள் தடுமாறி நான் கேட்டதே இல்லை.

வேலை முடிந்து ஏணியை மடக்கும்போது வளன் வந்தான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான், கோயிலுக்கு என்று சொல்லிப் புறப்பட்டவன். பிரசங்க நேரத்தில் ஆண்கள் பாதிப்பேர் வெளியே மரத்தடியில் நிற்பது வழக்கம். உள்ளே இருந்த ஜெமிமா அவன் அங்கே நிற்பான் என்றுதான் நினைத்திருக்கிறாள்.

"என்னலே, இங்கன நிக்க?" என்றேன்.

"வியாழக்கெழம போட்ட நண்டு வல கெடக்கு அண்ணாச்சி. ரெண்டு நாளா தட. இன்னைக்கும் விட்டா நண்டும் போச்சு, வலயும் போச்சு."

"ஞாயித்துக்கெழம போவக்கூடாதுல்லா?"

"ஊரு பூச முடிஞ்சு காப்பி குடிச்சு எந்திரிக்கதுக்குள்ள வந்துருவேன். நேத்து ராத்திரியோட தட முடிஞ்சுன்னு அக்காவே சொல்லிருக்கா. அவட்ட மட்டும் சொல்லிராதிய. தெண்டத்தக் கூட கட்டிரலாம், அவ அழுவுறதப் பாக்க முடியாது."

கடல் தெப்பக்குளம் போலத்தான் கிடந்தது. அவன் ஒற்றை ஆள். வள்ளத்தின் பின்பக்கம் மணலில் தட்டியிருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானும் ஒரு கை கொடுத்துத் தள்ளினேன். வள்ளம் மிதந்ததும் சிரித்துவிட்டு ஏறினான். போனில் மணி பார்த்தேன். ஏழு முப்பத்தைந்து. எட்டுக்கு முன்னால் நான் குளத்தூருக்குக் கிளம்பிவிட்டேன்.

ஒன்பதேகாலுக்குக் காற்று எழும்பியது. என் கடைத் தகரமே தடதடவென்று ஆடியது. கச்சான் கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கிற காற்று. கரையோரம் சாதுவாகத் தெரியும், உள்ளே போனவனைத் திரும்பவிடாது. நான் கல்லாவில் உட்கார்ந்து தகரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவன் வந்திருப்பான், வந்திருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் விஜிலா போன் செய்தாள்.

"அண்ணாச்சி, காலைல இங்கன இருந்தியளே. வளனப் பாத்தியளா? வள்ளத்தக் காணும். ஊரு வள்ளமெல்லாம் தேடப் போயிருக்கு. அவன் எத்தன மணிக்குப் போனான்னு மட்டும் சொல்லுங்க."

வெளியூர்க்காரன், வேற்று மதத்துக்காரன், கட்டுப்பாட்டை மீறியவனுக்கு வள்ளம் தள்ளிக்கொடுத்தவன். ஊர் என்னை என்ன செய்யும் என்றுதான் முதலில் தோன்றியது. அவன் உயிர் அப்புறம்தான் தோன்றியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

"நான் ஏழு மணிக்கே கெளம்பிட்டேன் தாயீ. பாக்கலியே" என்றேன்.

மூன்றாம் நாள் உடலைக் கொண்டுவந்தார்கள். தீவுக்கு அப்பால் கவிழ்ந்து கிடந்த வள்ளத்தின் கயிற்றைக் கையில் சுற்றியிருந்தானாம். அடக்கத்துக்குப் போனேன். கல்லறைத் தோட்டத்தில் ஜெமிமா கத்திய கத்தில் நிற்க முடியவில்லை. விஜிலா அழவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மண் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஏன் அழவில்லை என்று எனக்குத் தெரிந்தது அடுத்த சனிக்கிழமை. மைக் சரியில்லை என்று கூப்பிட்டாள். போனேன். கொட்டகையில் மெல்வின் இருந்தான். தூத்துக்குடி மில்லர்புரத்துப் பையன், தொண்டு நிறுவனத்தின் கள அலுவலர். கெட்டவன் இல்லை. அவன் முன்னால் மையத்தின் நோட்டு திறந்து கிடந்தது. செய்தி வந்த நேரம், மைக்கில் சொன்ன நேரம் என்று இரண்டு கட்டம். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு எதிரே முதல் கட்டத்தில் காலை 7.08 என்று விஜிலாவின் கையெழுத்து. இரண்டாவது கட்டம் காலி.

பூசையில் இருந்தபோதே செய்தி வந்திருக்கிறது, அவளே சொன்னாள். கைப்பையில் போன் அதிர்ந்தது, எடுத்துப் படித்தாள். ஒன்பது மணிக்கு மேல் கடுங்காற்று. அடுத்த நிமிஷம் வாசகம் வாசிக்க அவளை அழைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைதானே, யார் கடலில் இருக்கப்போகிறார்கள் என்று போனைப் பைக்குள் போட்டுவிட்டு எழுந்து போனாள்.

"அக்கா, ஏழே கால்னு எழுதிருங்க" என்றான் மெல்வின். "யாருக்கும் தெரியாது. இது மேல போற ரிப்போர்ட்டு. அடுத்த மூணு வருஷத்துக்கு மையம் இருக்கணுமா, வேண்டாமான்னு இதவச்சுத்தான் முடிவு பண்ணுவாங்க. இதுமாதிரி மையம் இருபது ஊர்ல இருக்குக்கா."

"ஏழே காலுக்கு நான் சொல்லியிருந்தா என்ன அர்த்தம்? நான் சொன்னேன், அவன் கேக்கலன்னு அர்த்தம். செத்தவன் மேல பழியப் போடச் சொல்லுதியா?"

"அப்படி இல்லக்கா..."

"அப்படித்தான். என் தம்பி எல்லாத்தையும் கேலி பண்ணுவான். ஆனா நான் போவாதன்னு சொல்லி ஒருநாளும் போனதில்ல."

மெல்வின் நோட்டை அவள் பக்கம் தள்ளினான். அவள் என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, மைக்க சரி பண்ணிட்டியளா?" என்றாள். மைக்கில் பெரிய கோளாறு ஒன்றும் இல்லை, ஒரு பின் கழன்றிருந்தது, அவ்வளவுதான். மாட்டிக்கொடுத்துவிட்டு, ஏணி போட்டு, தளர்ந்திருந்த ஒரு குழாயின் ஒயரையும் மாற்றிக் கட்டினேன்.

சாயங்காலம் நாலு மணி. வலை பொத்துகிறவர்கள், மீன் காயப்போட்ட பெண்கள், எல்லாரும் வெளியில்தான் இருந்தார்கள். விஜிலா மைக்கைத் தட்டிப் பார்த்தாள். தினமும் பேசுகிற அதே குரலில் பேசினாள்.

"போன ஞாயித்துக்கெழம காலைல ஏழு மணி எட்டு நிமிசத்துக்கு வந்த சேதி. இன்னைக்கு ஒம்பது மணிக்கு மேல கச்சான் ஓங்கி அடிக்கும். கரையடுத்து அமைதியாத் தெரியும், நம்பாதிய. தீவத் தாண்டினா திரும்ப முடியாது. யாரும் கடலுக்குப் போவாதிய."

அங்கே நிறுத்தினாள். குழாயில் அவள் மூச்சு கேட்டது.

"இத நான் அன்னைக்குப் படிச்சேன். ஒங்களுக்குச் சொல்லல. ஞாயித்துக்கெழமைன்னு விட்டுட்டேன். இனிமே ஞாயித்துக்கெழமையும் சொல்லுவேன்."

அணைத்துவிட்டு, நோட்டின் இரண்டாவது கட்டத்தில் 'சொல்லவில்லை' என்று எழுதினாள். அப்போதுதான் அழுதாள். நான் என் வாழ்நாளில் அப்படி ஒரு அழுகையைக் கேட்டதில்லை. மேசையில் தலையை வைத்து, தம்பீ, தம்பீ என்று அரற்றினாள். இருபது வருஷமாகத் தாய்போல வளர்த்தவள், அவனை அன்றைக்குத்தான் பறிகொடுத்தாள் என்று எனக்குத் தோன்றியது.

வெளியே கூட்டம் கூடிவிட்டது. ஜெமிமா வருவதைப் பார்த்து வழி விட்டார்கள். மைனி மைனி என்று விஜிலாவையே சுற்றி வருகிற பெண் அவள். தலைமயிரைப் பிடித்து அடிப்பாளோ என்று மெல்வின் எழுந்து நின்றான். அவள் கொட்டகை வாசலிலேயே நின்றாள்.

"மைனி, அந்நேரம் அவிய கரையிலயா இருந்தாவ?" என்று கேட்டாள். "நீங்க சொல்லியிருந்தா அவியளுக்குக் கேட்டிருக்குமா? அத மட்டும் சொல்லுங்க."

விஜிலா முகத்தை நிமிர்த்தினாள்.

"தெரியலியே ஜெமிமா. அது ஒண்ணுதான் எனக்கும் தெரியணும். ஏழு மணிக்கு முன்னமே போயிருந்தான்னா... யாரும் பாக்கலங்காவளே."

இரண்டு பேரும் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என் முகம் காட்டிக்கொடுத்திருக்கும். சொல்லியிருக்கலாம். சொன்னால் ஜெமிமாவுக்கு ஒரு பதில் கிடைத்திருக்கும். அந்தப் பதில் விஜிலாவை உயிரோடு புதைத்திருக்கும். அவளுக்காகத்தான் சொல்லாமல் இருந்தேன் என்று ராத்திரியெல்லாம் எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடிப் பார்த்திருக்கிறேன். பொய். எனக்குப் பயம், அவ்வளவுதான். தன் குற்றத்தை ஊர் முழுக்கக் கேட்கும்படி ஒரு பெண் நான் மாட்டிக்கொடுத்த மைக்கில் சொன்னாள். அவளுக்குப் பக்கத்தில் நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

ஜெமிமா திரும்பி நடந்தாள். அன்றைக்குப் பிறகு விஜிலா வீட்டு வாசலை மிதிக்கவே இல்லை. பிள்ளையையும் அனுப்புவதில்லை. விஜிலா ஏணியை மடக்க எனக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொடுத்தாள்.

"கெளம்புங்க அண்ணாச்சி, நேரமாச்சு" என்றாள்.

நான் மிச்ச ஒயரைச் சுருட்டி வண்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.