கரண்ட் எப்பங்க வரும்?

கரண்ட் இருக்கும்வரை எங்கள் ஆபீஸ் நம்பர் யாருக்கும் ஞாபகம் இருக்காது. போய்விட்டால் சின்னப் பிள்ளைக்குக்கூட மனப்பாடம்.

ஏற்காட்டில் அந்தப் போனை எடுப்பது நான்தான். போன மழையில் அடித்த காற்றுக்கு எஸ்டேட்டுகளில் சில்வர் ஓக் மரங்கள் லைன் மேலேயே சரிந்து, போஸ்ட்டுகள் சாய்ந்து, பாதி மலை நாள்கணக்கில் இருட்டாகக் கிடந்தது. மஞ்சக்குட்டையில் இருக்கிற என் வீட்டுக்குப் போகிற ரோட்டிலும் மரம். பஸ் நின்றுவிட்டது. ஆபீசிலேயே பெஞ்சைச் சேர்த்துப் போட்டுப் படுத்துக்கொண்டேன். வீட்டில் காத்திருக்கவும் ஆளில்லை. வீட்டுக்காரர் இறந்து சில வருஷம் ஆகிறது, மகள் ஓசூரில் வேலை பார்க்கிறாள். இதைப் படிக்கிற நீங்களும் மெழுகுவத்தியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தடவையாவது எங்களைத் திட்டியிருப்பீர்கள். பரவாயில்லை, நானும் அதே இருட்டில்தான் உட்கார்ந்திருந்தேன்.

சென்னைத் தம்பதி

மலைமேல் இருந்துகொண்டே கம்ப்யூட்டர் வேலை பார்க்கலாம் என்று சென்னையிலிருந்து வந்து வீடு எடுத்திருந்த புருஷன் பெண்சாதி. அந்தப் பையன் முதலில் கூப்பிட்டபோது மிகவும் மரியாதையாகத்தான் பேசினார். போஸ்ட் மூன்று துண்டாகக் கிடக்கிறது, புதுப் போஸ்ட் அடிவாரத்திலிருந்து லாரியில் ஏறி வரணும், ரோடு திறக்கணும் என்று நானும் பொறுமையாக விளக்கிச் சொன்னேன்.

அவர் போனைக் கையால் மூடிக்கொண்டு மனைவியிடம் ஏதோ கலந்து பேசினார். பிறகு எனக்கு ஒரு பெரிய சலுகை தருகிற குரலில் சொன்னார்: “மேடம், நாங்க பேசிட்டோம். கரண்ட்டுக்கு அவசரமே இல்ல, மெதுவா குடுங்க. வைஃபை மட்டும் இன்னிக்கே குடுத்துடுங்க.”

கரடியூர்க்கார அம்மா

இந்த அம்மா தினமும் சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கூப்பிடுவார். திட்டமாட்டார். கோழி அடைந்துவிட்டது, மழை விட்டுவிட்டது என்றெல்லாம் அவரே சொல்லிவிட்டு, கடைசியில்தான் கரண்ட்டைப் பற்றிக் கேட்பார். எஸ்டேட்டில் காப்பி பறிக்கிறவர். மருமகள் பிரசவத்துக்காக மகனும் கீழே போய்விட, வீட்டில் தனியாக இருந்தார். போன் போட வேண்டிய அவசியம் கரண்ட்டுக்கு மட்டும் இல்லை என்பது எனக்குக் குரலிலேயே தெரிந்தது. நானும் சீக்கிரம் வைக்கவில்லை.

ஒருநாள் மேகம் விலகியிருந்தது போல. வாசலுக்கு வந்து மலை விளிம்பிலிருந்து கீழே பார்த்திருக்கிறார். “ஏனுங்க அம்மிணி, கீழ நாட்டுல அத்தன ஊரும் பளபளன்னு எரியுதுங்க. நம்ம மலைக்கு வர்ற வயரு மட்டும் நடுவுல எந்த ஊருக்குத் திரும்பிருச்சுங்க?”

ஓசூரிலிருந்து

என் செல்லில் சார்ஜ் தீர்ந்து போய் அது மேஜை டிராயரில் கிடந்தது. ஆபீஸ் போன் மட்டும் ஓயவில்லை. எடுத்ததும் வழக்கம்போல, “கரண்ட் ஆபீசுங்க, எந்த ஊருன்னு சொல்லுங்க” என்றேன். “ஓசூரும்மா” என்றது போன்.

மகள் காலையிலிருந்து போட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். எப்போதும் எங்கேஜ்டு. நான் நன்றாக இருக்கிறேன், இட்லி வாங்கித் தின்றேன், ஸ்வெட்டர் இருக்கிறது என்று மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு, “வையி கண்ணு, லைன்ல ஆளுக காத்திருப்பாங்க” என்றேன். அவள் வைக்கவில்லை. கேட்டாள்: “உங்கிட்ட ரெண்டு நிமிசம் பேசணும்னா நானும் கரண்ட் இல்லேன்னுதான் சொல்லணுமாம்மா?”

போன் அடிக்காத நாள்

அப்புறம் ஒருநாள் விடிந்ததிலிருந்து போன் அடிக்கவேயில்லை. ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன், உயிர் இருந்தது. திட்டு வாங்கித் திட்டு வாங்கிப் பழகின காதுக்கு அந்த அமைதி என்னவோ செய்தது. கண்ணாடிக்கு வெளியே பனிமூட்டம், உள்ளே நான். யாராவது கூப்பிட்டுத் திட்டினால்கூடத் தேவலை என்று தோன்றியது.

மதியம் வயர் எடுக்க லைன்மேன் சேகர் வந்தார். தொப்பலாக நனைந்திருந்தார். காலில் ஏறியிருந்த அட்டைக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தார். “புகாரே இல்ல சேகரு. பெரும்பாலும் வந்திருச்சா?” என்று சந்தோஷமாகக் கேட்டேன். அவர் நிமிராமலே சொன்னார்: “ஒரு ஊருக்கும் வரலீங்கக்கா. எல்லாத்து செல்லுலயும் சார்ஜு போயிருச்சு.”

ரைட்டர் ஐயா

சேகர் அங்கே நிற்கும்போதே போன் அடித்தது. ஆரோக்கியசாமி ஐயா. எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எஸ்டேட்டுக்குள்ளேயே ஒரு வீட்டில் அவரும் மனைவி லில்லியம்மாவும் மட்டும். அந்த அம்மாவுக்கு நுரையீரல் கெட்டுப்போய், கரண்ட்டில் ஓடுகிற ஆக்சிஜன் மிசின் வைத்துத்தான் மூச்சு. “அவசரப்படுத்தலீங்க அம்மிணி” என்றுதான் ஆரம்பித்தார். “இன்வெர்ட்டரு நின்னுருச்சுங்க. சிலிண்டரு ஒண்ணு வச்சிருந்தோம், அதுவும் முள்ளு கீழ எறங்குது. ஆம்புலன்சு மரத்துக்கு அந்தப் பக்கமே நிக்குதாமுங்க.” அடுத்து என்ன சொல்ல வந்தாரோ, போன் செத்துவிட்டது.

சேகரிடம் சொன்னேன். என் குரல் எப்படி இருந்ததோ தெரியவில்லை, அவர் எடுத்த வயரை அப்படியே கீழே போட்டார். “லைன இழுக்க பொழுதாயிருமுங்க. ஆளத் தூக்கிறலாம்” என்று சொல்லிவிட்டு, கூட வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு போனார். லில்லியம்மாவை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கி, சிலிண்டரை ஒருவர் சுமக்க, விழுந்த மரத்துக்குக் கீழே குனிந்து குனிந்து ஆம்புலன்ஸ் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். இதெல்லாம் அவர்கள் திரும்பிவந்த பிறகுதான் எனக்குத் தெரியும். அதுவரை அடிக்காத போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரரைச் சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றைக்கும் இப்படித்தான், ஒரு போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு வந்த செய்தி வேறு. லில்லியம்மா பிழைத்துக்கொண்டார்.

சில நாள் கழித்து அந்தப் பக்கம் லைன் சரியானது. ஐயா கூப்பிட்டார். அம்மா கீழே ஆஸ்பத்திரியில் தேறிவருகிறார், அவர்கள் மகள் கூட இருக்கிறாள், வீட்டைப் பார்த்துக்கொள்ள இவர் மட்டும் மேலே வந்திருக்கிறார். அவர் பேசும்போது பின்னால் புஸ்ஸு புஸ்ஸு என்று சீராக ஒரு சத்தம். அது என்னங்க என்று கேட்டேன். “அந்த மிசினுதானுங்க. சும்மா போட்டு உட்டிருக்கறனுங்க. நொம்ப நாளா அந்தச் சத்தத்துலயே படுத்துப் பழகிருச்சு, அது இல்லீன்னா ஊட்ல ஆரும் இல்லாத மாதிரி இருக்குதுங்க.”

என் வீடு

ரோடு திறந்து முதல் பஸ்ஸில் மஞ்சக்குட்டைக்குப் போனேன். இருட்டிக்கொண்டு வந்தது. தெருவெல்லாம் விளக்கு, வீட்டுக்கு வீடு டிவி சத்தம். இந்த லைன் சரியானது என்று நானே பலருக்குப் போனில் சொல்லியிருந்தேன். என் வீடு மட்டும் எரியவில்லை. கிளை முறிந்து விழுந்து, போஸ்ட்டிலிருந்து என் கூரைக்கு வருகிற வயர் அறுந்து தொங்கியது. பக்கத்துக் கடையில் செல்லைச் சார்ஜ் போட்டு ஆபீசுக்குக் கூப்பிட்டேன். எனக்குப் பதிலாக உட்கார்ந்தவர் டீக்குப் போயிருப்பார், யாரும் எடுக்கவில்லை. அந்த அறையில் அது எப்படி அடிக்கும் என்று எனக்குத் தெரியும். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்தேன். மெழுகுவத்தி ஏற்றி, இருந்த ரவையில் உப்புமா கிண்டிச் சாப்பிட்டுப் படுத்தேன்.

விடிந்ததும் மறுபடி ஆபீசுக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். சேகர் வந்து ஏணி போட்டதைப் பார்த்துத்தான் பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி வெளியே வந்தாள். என்னைக் கண்டதும் ஒரு மாதிரி ஆகிவிட்டது அவளுக்கு. உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: “எங்களுக்கெல்லாம் கரண்டு வந்தும் உங்க ஊடு இருட்டாவே கெடந்துச்சுங்களா, நீங்க மகளோடயே போயிட்டீங்கன்னு நெனச்சுட்டோமுங்க அக்கா.”

மலை முழுக்க என் குரல் தெரியும், நான் ஊரில் இருப்பது மட்டும் பக்கத்து வீட்டுக்குத் தெரியாது என்றால், இந்த வேலையை நான் ஒழுங்காகத்தான் பார்த்திருக்கிறேன் போல.