சவரம்மா டீச்சரும் ஒரு தெலுங்குத் தாலாட்டும்

சவரம்மா டீச்சர் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் விழுப்புரத்தில் ஓர் ஆசிரியர் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். பங்குச் சாமியார்தான் அழைத்தார். திண்டிவனம் பஸ்ஸில் ஏறியதும் முதலில் நினைத்தது அவரை அல்ல. இந்தக் கிறிஸ்துமஸுக்குத் தூளிப் பாட்டை யார் எடுத்துக் கொடுப்பார்கள் என்பதைத்தான். விக்கிரவாண்டி தாண்டிய பிறகே அழுகை வந்தது. டீச்சரிடம் சொல்லியிருந்தால், சரியான வரிசையில்தான் துக்கப்படுகிறாய் என்றிருப்பார்.

அவரை அறிந்தவர்களுக்கு அவர் எங்கள் பள்ளியின் விளையாட்டு ஆசிரியை. கழுத்தில் எப்போதும் விசில். அறியாதவர்களுக்காக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் பங்கில் பாதிக் குடும்பங்கள் வீட்டில் தெலுங்கு பேசுபவை. எத்தனையோ தலைமுறைக்கு முன் ஆந்திரப் பக்கமிருந்து வந்து இங்கே நிலம் பிடித்தவர்கள். கிறிஸ்துமஸ் காலைப் பூசை முடிந்ததும் குடிலுக்கு முன்னால் பட்டுப் புடவையில் தூளி கட்டி, குழந்தை இயேசுவின் சிலையை அதில் கிடத்தி, தெலுங்கில் தாலாட்டுப் பாடி, சுற்றிலும் கோலாட்டம் ஆடுவார்கள். அதன் பிறகுதான் குழந்தை குடிலுக்குள் போகும். சிலை ஆண்டு முழுவதும் டீச்சரின் பிறந்த வீட்டில், அவருடைய அண்ணன் இன்னய்யாவின் பொறுப்பில் இருக்கும். கோல் பிடிப்பது தெலுங்கு வீட்டுப் பெண்கள் மட்டும்தான். என்னைப் போன்ற தமிழ்க் குடும்பத்தார் சுற்றி நின்று பார்ப்போம்.

ஒரு வருடம் பங்குப் பேரவைக் கூட்டத்தில் இது வெடித்தது. "எங்க கோயில்ல நாங்களே வேடிக்கை பாத்துக்கினு நிக்கணுமா? தமிழ்ல பாடுங்க, இல்ல நிறுத்துங்க" என்றார்கள் தமிழ் இளைஞர்கள். இன்னய்யா எழுந்து, பாட்டை மாற்றினால் குழந்தை வராது என்றார். நாற்காலிகள் நகர்ந்தன. கைகலப்பாகிவிடுமோ என்று நான் வாசலைப் பார்த்தேன். டீச்சர் விசிலை ஊதினார். கூட்டத்தில், சாமியாருக்கு எதிரில்.

"ஆட யாரு வேணா வரலாம். பாட்டு தெலுங்குதான், அத மாத்த மாட்டேன்" என்றார். "எங்க வீட்டுப் பொண்ணுங்க பாதிப் பேரு சென்னைக்குப் போயிட்டாங்க. கோலு புடிக்கக் கை வேணும். கை எந்த பாஷை பேசினா இன்னா?"

இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் பகைத்துக்கொள்ளும் வித்தை அவருக்குத்தான் தெரியும். தமிழ் இளைஞர்கள் முறைத்தார்கள். இன்னய்யா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார்.

அந்த டிசம்பர் முழுக்க ஊர் இறுக்கமாக இருந்தது. பள்ளி முடிந்ததும் மைதானத்தில் ஒத்திகை. தெலுங்கு வீடுகளில் பலர் தங்கள் பெண்களை அனுப்பவில்லை. வந்த தமிழ்ப் பெண்களிடம் கடைத்தெருவில் சிலர் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். பொருள் புரியவில்லையே என்று நாங்கள் கேட்டால், "புரியும்போது புரியட்டும். இப்ப தப்பில்லாம பாடு" என்பார் டீச்சர்.

கிறிஸ்துமஸ் காலை பூசை முடிந்தது. தூளி கட்டியாயிற்று. சிலை வரவில்லை. கோலைப் பிடித்தபடி நின்றோம். முணுமுணுப்பு ஏறிக்கொண்டே போனது. கோயிலுக்கு நேர் எதிரில்தான் இன்னய்யாவின் வீடு, கதவு சாத்தியிருந்தது. அவரோ கோயில் வாசற்படியில் கை கட்டி நின்றுகொண்டு தங்கையையே பார்த்தார். வந்து கெஞ்சட்டும் என்று காத்திருந்தார் என்பது எல்லாருக்கும் தெரிந்தது.

டீச்சர் என் பக்கம் திரும்பினார். என் தோளில் என் மூன்று மாதக் குழந்தை இருந்தது.

"ஸ்டெல்லா, புள்ளயக் குடு."

மாமியார் என் கையைப் பிடித்து இழுத்தார். "குடுக்காத. சாமி இடத்துல நம்ம புள்ளய வெக்கறதாவது." பின்னாலிருந்து யாரோ, இது அவமானம் என்று கத்தினார். குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடும் என்றே பயந்தேன். ஆனாலும் கொடுத்தேன். டீச்சர் முகத்தில் கெஞ்சலும் இல்லை, கட்டளையும் இல்லை. நான் கொடுப்பேன் என்ற நம்பிக்கைதான் இருந்தது. அதை மறுக்க எனக்கு வரவில்லை.

டீச்சர் தனியாகப் பாட ஆரம்பித்தார். குழந்தை வீறிட்டது. அவர் நிறுத்தவில்லை. இரண்டாவது அடியில் எங்கள் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள், மூன்றாவதில் கோல்கள் சேர்ந்தன. ஒதுங்கி நின்ற தெலுங்குப் பெண் ஒருத்தி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். இன்னய்யா படியிறங்கிப் போய்விட்டார்.

அதன் பிறகு சிலை வரவே இல்லை. வருடா வருடம் பங்கில் பிறந்த ஏதாவது ஒரு குழந்தையைத் தூளியில் இட்டோம். தெலுங்கு வீடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அண்ணன் மட்டும் தங்கையிடம் பேசவில்லை. அதற்காக டீச்சர் அழுதும் பார்த்திருக்கிறேன், சிரித்தும் பார்த்திருக்கிறேன். "அண்ணன் பேசாட்டி போவுது. ஜன்னல் தொறந்துதானே கெடக்குது, பாட்டு கேக்கும். சத்தமா பாடுங்கடி" என்பார். நாங்களும் அந்த ஜன்னலைப் பார்த்தே பாடினோம்.

அடக்கத்தன்று இன்னய்யா வந்தார். தங்கையின் தலைமாட்டில் வெகுநேரம் நின்றார். எல்லாரும் அவரைத்தான் பார்த்தார்கள். ஏதாவது சொல்லிவிடுவாரோ என்ற அச்சம் எனக்கு. பெட்டியை மூட ஆட்கள் குனிந்தபோது கையைக் காட்டி நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"தூளிப் பாட்டப் பாடும்மா."

சாவு வீட்டில் தாலாட்டா என்று யாரும் கேட்கவில்லை. அந்தப் பாட்டின் ஒவ்வொரு சொல்லையும் தாய்ப்பாலோடு கற்றவர் முன்னால், தமிழ்ப் பெண் நான் பாடினேன். நடுவில் ஓர் அடியைத் தவறவிட்டேன். அவர் திருத்தவில்லை. அந்த அடியைத் தானும் விட்டுவிட்டு என்னோடு சேர்ந்து பாடினார்.

கல்லறையிலிருந்து திரும்பும்போது பக்கத்தில் வந்து, "கிறிஸ்மஸுக்கு நீதான் பாடணும்" என்றார்.

"குழந்தையைக் கொண்டு வருவீங்களாங்க?" சிலையைத்தான் கேட்டேன்.

"சென்னையில பேத்தி பொறந்திருக்கா. அந்த வீட்ல தெலுங்கு பேச ஆளில்ல. அவளக் கூட்டிக்கினு வர்றேன்."

அந்தப் பாட்டில் பாதிச் சொற்களுக்கு இன்னும் எனக்குப் பொருள் தெரியாது. சவரம்மா டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதைத்தான். அதை இந்த டிசம்பரில் அவருடைய அண்ணன் பேத்திக்குப் பாடப் போகிறேன்.